வளைந்து செல்லும் ஒளி

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பாடசாலை மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அக்கா என்னைத் தொலைபேசியில் அழைத்து, "நீர் கண் டொக்டர்தானே, கண்ணைப் பாதுகாப்பது பற்றி ஒரு அரை மணித்தியாலம் பேசும்" என்றார். அந்தப் பேச்சை வைத்தியசாலையில் கிழமைக்கு நான்கு தடவை பேசுகிறேன். நூறு வருடத்துக்கு ஒரு முறை வருகிற விழாவிலும் அதையே பேச மனம் வரவில்லை. நான் கண் வைத்தியராவதற்கு முன்னர், இதே பாடசாலையின் பௌதிகவியல் ஆய்வுகூடத்தில், ஒரு பின்னேரம் கண்ட ஒன்றைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். அக்கா பெருமனதுடன் சம்மதித்தார்.

அது குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலம். ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை நாங்கள். ஆய்வுகூடத்தில் வில்லைகள் இரண்டோ மூன்றோதான் இருந்தன. அவற்றிலும் ஒன்று விளிம்பு உடைந்தது. ரோச் லைற்றுக்குப் பற்றரி கிடையாது. எங்கள் பௌதிகவியல் ரீச்சர் ஒரு பழைய மீன்தொட்டியைக் கொண்டுவந்து, அடியில் தடித்த உப்புக்கரைசலும் மேலே நல்ல தண்ணீருமாக, கலங்காமல் ஊற்றி ஒரு நாள் அப்படியே விட்டார். அடுத்த நாள் தொட்டிக்குள் சில துளி பால் கலந்திருந்தது. யன்னல் இடுக்கால் வந்த வெயிலை ஒரு முகம்பார்க்கும் கண்ணாடித் துண்டால் திருப்பி, தொட்டியின் பக்கத்தால் கிடையாக உள்ளே விட்டார்.

அந்த ஒளிக்கீற்று நேராகப் போகவில்லை. மெல்ல மெல்லக் கீழ்நோக்கி வளைந்தது. நாங்கள் எல்லோரும் வாய் திறந்து நின்றோம். ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று ஆறாம் வகுப்பிலிருந்து எழுதி வந்தவர்கள் நாங்கள். "ரீச்சர், புத்தகம் பிழையோ?" என்று ஒருத்தி கேட்டாள். "புத்தகம் பிழையில்லை, முழுவதும் சொல்லவில்லை" என்றார் ரீச்சர். இன்றைய என் பேச்சு முழுவதும் அந்த ஒரு வசனத்துக்கு உரைதான்.

ஒளி ஒரு ஊடகத்திலிருந்து வேறொரு ஊடகத்துக்குப் போகும்போது முறிவடையும். எவ்வளவு முறியும் என்பதைச் சொல்வது முறிவுச்சுட்டி. வெற்றிடத்துக்கு 1, தண்ணீருக்கு 1.33, சாதாரண கண்ணாடிக்கு ஏறத்தாழ 1.5. நாம் அறிந்த பூதக்கண்ணாடியில் முறிவுச்சுட்டி எங்கும் ஒன்றே. ஒளி அதன் முன்மேற்பரப்பில் ஒரு தடவை, பின்மேற்பரப்பில் ஒரு தடவை முறிகிறது. இடையில் நேராகப் போகிறது. ஆனால் முறிவுச்சுட்டி இடத்துக்கு இடம் படிப்படியாக மாறினால்? ஒளி ஒவ்வோர் இம்மியிலும் சிறிது சிறிதாக முறிந்து வளைகோடாகிவிடும். எப்போதும் முறிவுச்சுட்டி கூடிய பக்கம் நோக்கியே வளையும். உப்பு அடியில் செறிவாக இருந்ததால் எங்கள் தொட்டியில் அது கீழே வளைந்தது. வெயிலில் கொதிக்கும் தார் வீதியில் நிலத்தையொட்டிய காற்று சூடேறி ஐதாகிறது. அங்கே ஒளி மேல்நோக்கி வளைகிறது. வானத்தின் விம்பம் வீதியில் தண்ணீர்போலத் தெரிகிறது. கானல் நீரும் இதே கணக்குத்தான்.

இப்படி முறிவுச்சுட்டி படிப்படியாக மாறும் வில்லைகளைப் படித்திறன் வில்லைகள் என்று சொல்லலாம். தொழில்நுட்ப உலகம் கிறின் வில்லை என்கிறது. அதை மனிதன் செய்வதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் முன்னரே மீன்கள் செய்துவிட்டன.

கீரிமலைக் கேணியில் மூழ்கிக் கண்ணைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், எல்லாம் மங்கலாகவே தெரியும். ஏனென்றால் நமது கண்ணின் குவிக்கும் வலுவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, கண்ணின் முன்னால் உள்ள விழிவெண்படலத்தில் இருக்கிறது. காற்றிலிருந்து அதற்குள் புகும்போது ஒளி நன்றாக முறிகிறது. தண்ணீருக்குள் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே முறிவுச்சுட்டி, வலு போய்விடுகிறது. மீன் தன் வாழ்நாள் முழுவதும் தண்ணீருக்குள் இருப்பது. முழு வேலையையும் வில்லையே செய்ய வேண்டும். அதனால்தான் மீனின் கண்வில்லை உருண்டை. மீன் தலைக்கறியில் வெள்ளையாக, கெட்டியாக ஒரு சின்ன உருண்டை அகப்படுமே, அதுதான். சமைக்கும்போது புரதம் உறைந்து வெள்ளையாகிறது. உயிருள்ள மீனில் அது பளிங்குபோலத் தெளிவானது.

ஆனால் உருண்டையாக இருந்தால் மட்டும் போதாது. மீன்வில்லையின் குவியத்தூரம் அதன் ஆரையின் ஏறத்தாழ 2.5 மடங்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேர்மனிய அறிஞர் லுட்விக் மத்தீசன் இதை அளந்து சொன்னார். எங்கும் ஒரே முறிவுச்சுட்டி கொண்ட உருண்டையால் தண்ணீருக்குள் இதைச் செய்ய வேண்டுமென்றால் 1.67 அளவு முறிவுச்சுட்டி வேண்டும். எந்த உயிரின் புரதமும் அந்த அளவைத் தராது. அப்படி ஒன்று கிடைத்தாலும், உருண்டையின் ஓரத்தால் போகும் கதிரும் நடுவால் போகும் கதிரும் ஒரே இடத்தில் குவியா, விம்பம் கலங்கும். மீன் இரண்டு சிக்கலையும் ஒரே வழியில் தீர்த்திருக்கிறது. நடுவில் புரதம் மிகச் செறிவு, வெளியே வர வர ஐது. ஒளி உள்ளே வளைந்து வளைந்து போய் ஒரே புள்ளியில் கூடுகிறது.

1854ஆம் ஆண்டு, 22 வயது இளைஞரான ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் இதைக் கணிதமாக்கினார். பின்னாளில் மின்காந்தவியலின் சமன்பாடுகளைத் தந்த அதே மக்ஸ்வெல். மீனின் கண்வில்லை பற்றிச் சிந்தித்ததே இதற்குத் தூண்டுதல் என்று அவரே குறிப்பிட்டிருக்கிறார். அவர் கற்பனை செய்த கோளத்தில் நடுவின் முறிவுச்சுட்டி விளிம்பினதைப் போல் இரண்டு மடங்கு. அதன் விளிம்பில் எந்தப் புள்ளியிலிருந்து புறப்பட்டு உள்ளே செல்லும் கதிரும் வட்டத்தின் ஒரு வில்லாக வளைந்து போகும். எல்லாக் கதிர்களும் எதிர்ப்புறத்தில் ஒரே புள்ளியில் மீண்டும் சந்திக்கும். ஒரு கதிர்கூடத் தவறாது. இதற்கு மக்ஸ்வெல்லின் மீன்விழி என்று பெயர். 1944இல் ருடொல்ஃப் லூனபேர்க் இன்னொரு கோளத்தைக் கணித்தார். தூரத்திலிருந்து சமாந்தரமாக வரும் கதிர்கள் அனைத்தையும் அது எதிர்ப்புறத்து விளிம்பில் ஒரு புள்ளியில் சேர்க்கும். ரேடார் அலைகளை வந்த திசைக்கே திருப்பியனுப்ப அதை இன்று பயன்படுத்துகிறார்கள். ரேடாருக்குத் தெரியாதபடி கட்டிய போர்விமானங்கள்கூட, சாதாரண பறப்பின்போது எல்லோருக்கும் தெரிவதற்காக அதையே பூட்டிக்கொண்டு பறக்கின்றன.

கண்ணாடியில் இதைச் செய்ய நெடுங்காலம் எடுத்தது. 1960களின் கடைசியில் ஜப்பானில் வழி பிறந்தது. தாலியம் கலந்த மெல்லிய கண்ணாடிக் கோலை, உருகிய பொற்றாசிய உப்பில் ஊற வைப்பார்கள். ஓரத்திலிருந்து தாலியம் வெளியேறும், பொற்றாசியம் உள்ளே போகும். ஓரத்தின் முறிவுச்சுட்டி குறையும், நடு கூடியபடியே இருக்கும். எங்கள் ரீச்சரின் உப்புத்தொட்டியும் அந்தச் சூளையும் உறவுக்காரர்தான். அந்தக் கோலின் இரு முனையும் தட்டையாக இருந்தாலும் அது வில்லை. சந்தியில் இருக்கும் கடைகளின் சிறிய போட்டோக்கொப்பி இயந்திரங்களிலும் ஸ்கானர்களிலும் இப்படிப்பட்ட கோல்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதுண்டு. ஒரு மில்லிமீற்றரிலும் குறைந்த விட்டமுள்ள கோல்களைக் கொண்டு உடம்பின் உள்ளே பார்க்கும் ஊசிபோன்ற கருவிகளைச் செய்கிறார்கள். ஆய்வுகூட எலியின் மூளைக்குள் ஆழத்தில் நரம்புக்கலங்கள் வேலை செய்வதை அது உயிரோடிருக்கும்போதே பார்ப்பதும் இவற்றால்தான்.

இனி நமது கண்ணுக்கு வருகிறேன். நமது கண்வில்லையும் படித்திறன் வில்லையே. நடுவில் ஏறத்தாழ 1.41, ஓரத்தில் 1.38க்கும் சிறிது குறைவு. வித்தியாசம் சிறியது, விளைவு பெரியது. வெங்காயம்போல் அடுக்கடுக்கான இழைகளால் ஆனது அது. வாழ்நாள் முழுவதும் வெளியே புதிய அடுக்குச் சேர்ந்துகொண்டே இருக்கும். உள்ளே உள்ள பழையது எதுவும் கழிவதில்லை. நடுவில் இருக்கும் இழைகள் நாம் பிறப்பதற்கு முன்னரே உருவானவை. வயது போகப் போக வில்லையின் மேற்பரப்பு கூடுதலாக வளைகிறது. அப்படியானால் முதுமையில் எல்லோருக்கும் குறும்பார்வை வர வேண்டும். வருவதில்லை. உள்ளே முறிவுச்சுட்டி மாறும் விதமும் கூடவே மாறி, வளைவினால் கூடிய வலுவை ஈடு செய்துவிடுகிறது. இதைக் கண் வைத்தியத்தில் வில்லைப் புதிர் என்பார்கள்.

அந்த வில்லை வெளுத்துப்போவதுதான் கற்றராக்ட். அதை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைக்கும் சத்திரசிகிச்சையை 1949 நவம்பரில் லண்டனில் ஹரோல்ட் ரிட்லி முதன்முதலாகச் செய்தார். போரில் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்த பிளாஸ்ரிக் துண்டுகளைக் கண் வெறுத்துத் தள்ளவில்லை என்று அவதானித்ததில் பிறந்த யோசனை அது. இன்று எங்களிடம் வரும் பெரும்பாலானோர் அடுத்த நாளே பார்வையோடு வீட்டுக்குப் போகிறார்கள்.

இங்கே என் சொந்தப் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் புதிதாக வேலை தொடங்கிய காலம். ஒரு தையல்கார அம்மாவிடம் சத்திரசிகிச்சைக்கு முன்னர், "பயப்பட வேண்டாம் அம்மா, எல்லாம் முந்தி மாதிரித் தெரியும்" என்று சொன்னேன். சத்திரசிகிச்சை நன்றாகவே நடந்தது. ஒரு மாதம் கழித்து வந்தார். "பிள்ளை, கோபுரம் தெரியுது, வீதியில வாற ஆக்கள் தெரியுது. ஊசியில நூல் கோக்கத்தான் ஏலாமல் கிடக்கு" என்றார். பதிவுப் புத்தகத்தின்படி அது வெற்றி. அவருடைய தொழிலின்படி நான் சொன்னது பொய். நாம் வைக்கும் சாதாரண செயற்கை வில்லையில் முறிவுச்சுட்டி எங்கும் ஒன்று. தூரத்துக்கென்று ஒரே குவியம். அது தானாக வடிவம் மாறாது. கிட்டப் பார்க்கக் கண்ணாடி வேண்டும். முப்பது வினாடியில் இதை நான் விளங்கப்படுத்தியிருக்கலாம். ரீச்சர் சொன்னதுதான்: நான் பிழையாகச் சொல்லவில்லை என்று சமாளிக்கலாம், ஆனால் முழுவதும் சொல்லவில்லை. அன்றிலிருந்து, "என்ன தெரியும், என்ன தெரியாது" என்ற இரண்டையும் சொல்லாமல் நான் கத்தியைத் தொடுவதில்லை.

இந்த நேர்மைக்கு விஞ்ஞானத்திலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. உயர்தர மாணவிகள் கவனிக்க வேண்டும்.

1873இல் ஜேர்மனியின் ஜீனா நகரில் ஏர்ன்ஸ்ட் அபே ஓர் எல்லையைக் காட்டினார். எவ்வளவு நல்ல வில்லை செய்தாலும், ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதியிலும் நெருக்கமாக இருக்கும் இரண்டு புள்ளிகளை நுணுக்குக்காட்டியால் பிரித்துப் பார்க்க முடியாது. கட்புலனாகும் ஒளிக்கு அது ஏறத்தாழ 0.2 மைக்ரோமீற்றர். கசநோய்க் கிருமியை அதனால் பார்க்கலாம்; ஏறத்தாழ 0.05 மைக்ரோமீற்றரே உள்ள டெங்கு வைரசைப் பார்க்க முடியாது. பொருளின் மிக நுண்ணிய விபரங்களைச் சுமக்கும் அலைகள், அந்தப் பொருளைவிட்டு ஓர் அலைநீளத் தூரம் போவதற்குள்ளேயே தேய்ந்துவிடுகின்றன. வில்லைக்கு அவை வந்து சேருவதே இல்லை.

இந்த எல்லையைத் தாண்டப் பலர் முயன்றார்கள். 2000இல் ஜோன் பென்ட்ரி, முறிவுச்சுட்டி மறைப்பெறுமானமாக உள்ள ஒரு தகடு இருந்தால் அந்தத் தேயும் அலைகளையும் மீட்கலாம் என்று கணக்கில் காட்டினார். 2009இல் உல்ஃப் லியொன்ஹார்ட், அதெல்லாம் வேண்டாம், மக்ஸ்வெல்லின் பழைய மீன்விழியே போதும், அது கதிர்களை மட்டுமல்ல, அலைகளையும் குறையில்லாமல் ஒரே புள்ளியில் சேர்க்கும் என்று எழுதினார். ஆனால் ஒரு நிபந்தனை: விம்பம் விழும் இடத்தில் அந்த அலையை உறிஞ்சிக்கொள்ளும் ஒன்று இருக்க வேண்டும். உடனே எதிர்ப்பு வந்தது. "அந்த உறிஞ்சியை எடுத்துவிட்டால் பழைய அரை அலைநீளப் பொட்டுத்தானே மிஞ்சுகிறது? அப்படியானால் அந்தக் கூர்மை வில்லை தந்ததா, நீ வைத்த உணரி தந்ததா?" என்று கேட்டார்கள். நுண்ணலைகளைக் கொண்டு பரிசோதனையும் செய்தார்கள். அதன் பெறுபேற்றையும் இரு தரப்பும் இரு விதமாகவே வாசித்தன. அந்தக் கோரிக்கையைப் பலர் இன்றும் ஏற்கவில்லை.

இந்த விவாதத்தில் எனக்குப் பிடித்தது அந்தக் கேள்வி. நான் காணும் கூர்மை பொருளில் இருக்கிறதா, என் கருவியில் இருக்கிறதா? ஸ்கான் படத்தில் ஒரு பொட்டைக் காணும் ஒவ்வொரு வைத்தியரும் தன்னையே கேட்க வேண்டிய கேள்வி அது.

நிச்சயமாகப் பலன் தந்த வழிகளும் உண்டு. முறிவுச்சுட்டி 2 உள்ள ஊடகத்துக்குள் ஒளியின் அலைநீளம் பாதியாகிறது. எனவே பொருளை அப்படிப்பட்ட வில்லையோடு ஒட்ட வைத்துப் பார்த்தால் எல்லையும் பாதியாகச் சுருங்கும். இது அபேயை மீறுவதல்ல, அவர் சொன்னதை முழுவதும் பயன்படுத்துவது. இன்னொரு வழிக்கு 2014இல் எரிக் பெற்சிக், ஸ்ரெஃபன் ஹெல், வில்லியம் மோர்னர் ஆகியோர் இரசாயனவியல் நோபல் பரிசு பெற்றார்கள். நெருங்கி நிற்கும் மூலக்கூறுகள் எல்லாவற்றையும் ஒரேயடியாக ஒளிரவிடாமல், சிலவற்றை மட்டும் ஒளிரவைத்து, மற்றவற்றை அணைத்துவைத்துப் பார்ப்பது அந்த வழி. எல்லோரும் ஒன்றாகக் கத்தினால் ஒருவர் குரலும் விளங்காது. ஒவ்வொருவராகப் பேசினால் விளங்கும். வகுப்பறையில் ஆசிரியர்கள் அறிந்த உண்மைதான்.

வளைவது ஒளி மட்டுமல்ல. எந்த அலையும், வேகம் இடத்துக்கு இடம் மாறினால் வேகம் குறைந்த பக்கம் வளையும். கடலலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. சுனாமி போன்ற நீண்ட அலை 4,000 மீற்றர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேல் ஓடும். 10 மீற்றர் ஆழத்தில் மணிக்கு 36 கிலோமீற்றர்தான். ஆழம் குறையக் குறைய அது கரையை நோக்கித் திரும்பும். கடலின் அடித்தளமே ஒரு படித்திறன் வில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுமாத்திராவில் எழுந்த அலை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் எங்கள் கிழக்குக் கரைக்கு வந்தது. கிழக்கிலிருந்து வந்த அலை மேற்கே பார்த்த கரையைத் தொடாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது தீவைச் சுற்றி வளைந்து போனது. தென்மேற்கே பெரலியவில் நின்ற புகையிரதத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாடு முழுவதும் 30,000க்கும் மேற்பட்டோரை இழந்தோம். வடமராட்சி கிழக்கிலும் முல்லைத்தீவிலும் உறவுகளை இழந்தவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். உங்கள் முன்னால் இதை ஓர் உதாரணமாகச் சொல்லத் தயங்கினேன். ஆனாலும் சொல்கிறேன். கடலடியின் ஆழப்படத்தை வைத்து அலை எங்கே திரும்பும், எங்கே குவியும் என்று இன்று கணிக்கிறார்கள். மீன் கண்ணுக்கு மக்ஸ்வெல் போட்ட கணக்கும் அதுவும் ஒரே குடும்பம். அந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர்கள் எங்கள் கரையிலும் இருக்க வேண்டும். அவர்களில் சிலர் இந்த முன்வரிசையிலிருந்து வர வேண்டும்.

இப்போது என் வேண்டுகோள். நான் உயிரியல் பிரிவில் படித்தவள். அப்பிரிவு மாணவிகள் பலருக்குப் பௌதிகவியல் என்பது ரியூசனில் கடந்த கால வினாத்தாள் செய்து தாண்டிவிட வேண்டிய மதில். கையால் ஒன்றையும் தொடாமலேயே பலர் தாண்டியும் விடுகிறார்கள். பரீட்சையில் சித்தியடையலாம், ஒளி வளைவதை ஒருநாளும் கண்டிருக்க மாட்டார்கள். நூற்றாண்டு நினைவாக வளைவும் பெயர்ப்பலகையும் கட்டுவதற்குச் சங்கம் பணம் சேர்க்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பணத்தில் ஒரு பங்கை ஆய்வுகூடத்துக்கு ஒதுக்குவோம். ஓர் ஒளியியல் மேசை, சில லேசர், ஒரு பெட்டி வில்லை, ஒரு கண்ணாடித் தொட்டி, பெரிய செலவல்ல. உப்பை நான் வாங்கித் தருகிறேன். தொட்டியில் உப்புக் கரைத்து வைக்க ஒரு நாளும், அதைப் பார்க்க ஒரு பாடவேளையும் நேரசூசியில் ஒதுக்கித் தருமாறு அதிபர் அவர்களைப் பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

கண்வில்லையில் பழைய அடுக்கு எதுவும் கழிவதில்லை, எல்லாவற்றுக்கும் நடுவில் முதலாவது அடுக்கு இருக்கிறது என்று சொன்னேன். என்னுள்ளே அந்த முதலாவது அடுக்கு ஒரு பின்னேரமும், யன்னல் இடுக்கு வெயிலும், பால் கலந்த ஒரு மீன்தொட்டியும்தான். அதைத் தந்த ரீச்சர் இன்று எம்மோடு இல்லை. அவருடைய பெயரை எந்தக் கல்லிலும் பொறிக்க வேண்டாம். அந்தப் பரிசோதனையை வருடத்துக்கு ஒரு முறை செய்து காட்டினால் போதும். "புத்தகம் பிழையோ?" என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும்.